கோயில் மண்டபத்தில் படம் போடுவதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி ஒருவர் நாற்பது நிமிடப் படம் எடுத்து முடித்திருக்கிறார். தோட்டத்து வரிசை வீடான லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபின் குடியில் விழுந்துவிடும் ஒரு ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியின் கதை. நடித்தவர்கள் அக்கம்பக்கத்தார். இரவுக் காட்சிக்கு மோட்டார் சைக்கிள் விளக்குதான் வெளிச்சம். “திருவிழா முடிஞ்ச மறுநாள் மண்டபத்துல வெள்ளை வேட்டியக் கட்டிப் போட்டுக் காட்டலாமாண்ணே?” என்று கேட்டார். காட்டலாம், ஆனால் தணிக்கை முடிந்திருக்க வேண்டும்.

2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்துக்குத் தியேட்டரில் ஓடுவது மட்டும் படமல்ல. ஹார்ட் டிஸ்க்கில் கிடப்பதும் படம்தான். உள்துறை அமைச்சின் தணிக்கை வாரியமான எல்பிஎஃப் அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது 6-ஆவது பிரிவின்படி குற்றம். 5,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். டிக்கெட் இல்லை, நம் ஆட்கள்தான் பார்க்கிறார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது. இலங்கை இறுதிப் போர் பற்றிய ஆவணப்படத்தை 2013-இல் கோலாலம்பூர் மண்டபமொன்றில் திரையிட்டதற்காக மனித உரிமை ஆர்வலர் லீனா ஹென்ட்ரிக்கு 2017-இல் 10,000 வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அனுமதியில்லாத படத்தை வெறுமனே கையில் வைத்திருப்பதையும் இதே பிரிவு குற்றமாக்குகிறது. இது நியாயமே இல்லை என்பேன். ஆனாலும் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

குடி, கடன், தற்கொலை எண்ணம் என்று கதை போனாலே படம் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் யூ, பி12, 13, 16, 18 என ஐந்து வகைச் சான்றிதழ்கள் இருக்கின்றன. பி12 என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம். 13, 16, 18 என்பவை அந்தந்த வயதை எட்டியவர்களுக்கு. கனமான கதைக்கு மேல்வகை கிடைத்தால் அதை வெட்டி மெலிய வைக்காதீர்கள். முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது.

அடுத்து ஃபினாஸ் எனும் தேசியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம். அதற்கான 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆவது பிரிவு படம் தயாரிக்க, விநியோகிக்க, திரையிட உரிமம் கேட்கிறது. மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சமூக ஊடகத்தில் தனிப்பட்ட முறையில் காணொலி போடுபவர்கள் வழக்கம்போல் போடலாம் என்று 2020-இல் அரசாங்கம் விளக்கியது. மண்டபத்தில் ஊரைக் கூட்டிக் காட்டுவதற்கு அந்த விளக்கத்தை நம்பி இறங்காதீர்கள். பொழுதுபோக்கு உரிமம் வேண்டுமா என்று நகராண்மைக் கழகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தம்பி இப்போதே நோட்டீஸ் அடிக்கக் கிளம்பிவிட்டார். பிடித்து நிறுத்தினேன். படத்தின் விளம்பரத்துக்கும் அதே தணிக்கை வாரியத்தின் அனுமதி வேண்டும்.