"ஓம் மிஸ்" என்று தலையாட்டும் அம்மா

தடுப்பூசி பற்றித் தாய்மாரோடு எப்படிப் பேசுவது என்று வெளிநாட்டில் எழுதிய பயிற்சிக் குறிப்புகளை வாசித்தால், அதில் வருகிற தாய் டொக்டரோடு வாதாடுவார், இணையத்தில் பார்த்ததைச் சொல்லி மடக்குவார். இலங்கையின் வடக்கே வன்னியில் எந்தக் கிளினிக்கில் அப்படி நடக்கிறது? துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ, நாங்கள் சொல்லும் எல்லாவற்றுக்கும் "ஓம் மிஸ், ஓம் மிஸ்" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள், அடுத்த திகதிக்கு ஆள் இருக்காது.

அதனால் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் தாதியருக்கும் பயிற்சி கொடுக்கும்போது நான் முதலில் சொல்வது, அந்த "ஓம்"ஐ உடனே நம்பிவிடாதீர்கள் என்பதுதான். நோய்களின் பெயரும் ஊசி அட்டவணையும் இவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம், அதை மறுபடி ஸ்லைட் போட்டுக் காட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. அதற்குப் பதிலாக இரண்டு பேரை எழுப்பி, ஒருவரைத் தாயாக நடிக்கவிடுவேன். மிஸ்ஸாக, அதாவது ஊசி போடும் உத்தியோகத்தராக நடிப்பவர் பெரும்பாலும் மூச்சுவிடாமல் விளக்கம் கொடுப்பார், கடைசியில் "விளங்கினதுதானே?" என்பார். அந்தக் கேள்விக்கு யார்தான் இல்லை என்று சொல்வார்கள்!

"பிள்ளைக்கு இண்டைக்கு ஊசி, போடுவம். அதுக்கு முதல், உங்களுக்கு என்ன யோசினை எண்டு சொல்லுங்கோ." இப்படித் தொடங்கச் சொல்கிறேன். ஊசி வழமையாகப் போடுவதுதான் என்பதும் அதில் இருக்கிறது, பேச இடமும் இருக்கிறது. கேட்டபின் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அதுதான் எல்லோருக்கும் கஷ்டம்.

அப்படிக் காத்திருந்தால் வருகிற பதில் பெரும்பாலும் காய்ச்சல் பற்றியதுதான். ஊசியில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்தால், மனிசன் வேலைக்குப் போன இடத்தில், யானை இறங்குகிற றோட்டில் எதில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது? இதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி பற்றிய விரிவுரை பதில் ஆகாது. 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்க்கான ஊசிக்குக் காய்ச்சல் வந்தால் பெரும்பாலும் அன்று இரவோ மறுநாளோ வரும். 9ஆம் மாதம் போடும் சின்னமுத்து (தட்டம்மை, MMR) ஊசிக்கு அப்படியில்லை, ஒரு கிழமைக்குப் பிறகுதான் வரும், அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அந்தத் தாய் பயப்படத்தான் செய்வார். பிள்ளையின் நிறையைப் பார்த்து பனடோல் சிரப் எத்தனை மில்லிலீற்றர், எத்தனை மணிக்கு ஒருக்கால் என்று கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கொடுங்கள். வலிப்பு, மூச்சுத் திணறல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று கண்டால் காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள். இரவில் எந்த நம்பருக்கு அழைப்பது என்பதையும் எழுதுங்கள்.

சிலர் பழைய கதை ஒன்றைக் கொண்டுவருவார்கள். அதே ஐந்து நோய் ஊசி 2008இல் தொடங்கிச் சில மாதங்களிலேயே, அதன் பாதுகாப்புப் பற்றிய சந்தேகத்தில், நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது உண்மை, ஆராய்ந்து பார்த்து 2010இல் திரும்பக் கொண்டுவந்ததும் உண்மை. "அப்படியொண்டும் நடக்கேல்லை" என்று மழுப்பினால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது. நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், சந்தேகம் வந்தவுடன் நிறுத்திப் பார்க்கிற நாடு என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் அம்மம்மா. இவரைத் தடையாக நினைத்து வெளியே இருத்திவிட்டுத் தாயோடு மட்டும் பேசுகிறோம். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல், இளம் தாய்மார் அந்த வருத்தத்தைக் கண்டதே இல்லை. குக்கலையும் (கக்குவான் இருமல்) போலியோவையும் கண்ணால் கண்டவர் அம்மம்மாதான். அவரை உள்ளே கூப்பிட்டு, உங்கட காலத்தில எப்படி என்று கேளுங்கள். எங்கள் போஸ்டரைவிட அவர் நன்றாகவே சொல்வார்.

தவறவிட்டவர்களின் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது மட்டும் "ஏன் வரேல்லை?" என்று படலையிலேயே தொடங்காதீர்கள். "போன முறை போட்டபிறகு பிள்ளைக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். அறுவடை, பஸ், காய்ச்சல் என்று காரணம் தானாக வரும், வந்ததைப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.