ரசீது இரண்டு, செய்தி ஒன்று

தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1910 முதல் நடந்துவரும் வார்விக் அதிகாலைச் சந்தையில் 2 தேங்காயும் 6 எலுமிச்சையும் வாங்குகிறீர்கள். ரசீதில் மொத்தத் தொகை மட்டும் இருக்கிறது: 70 ராண்ட். ஒரு காய் என்ன விலை?

தேங்காய் 20, எலுமிச்சை 5 என்றால் கணக்கு சரி. 26, 3 என்றாலும் சரிதான். மறுநாள் அதே விலையில் 3 தேங்காய், 9 எலுமிச்சை, 105 ராண்ட். அறியாத எண் இரண்டு, சமன்பாடும் இரண்டு, இனி விடை வந்துவிடும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். வராது. இரண்டாம் ரசீது முதல் ரசீதின் ஒன்றரை மடங்கு. புதிதாக எதையும் அது சொல்லவில்லை.

மறுநாள் வாங்கிய அதே சரக்குக்கு 100 ராண்ட் என்றிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எந்த விலையும் பொருந்தாது. மாறாக 3 தேங்காய், 4 எலுமிச்சை, 80 ராண்ட் என்றிருந்தால்? முதல் ரசீதை மும்மடங்காக்கி, இதை இருமடங்காக்கிக் கழியுங்கள். 10 எலுமிச்சை 50 ராண்ட். எலுமிச்சை 5, தேங்காய் 20. வேறு விடைக்கு இடமில்லை.

ஒரு தீர்வு, எண்ணற்ற தீர்வுகள், தீர்வே இல்லை. இந்த மூன்றில் ஒன்றுதான் நடக்கும். சரியாக இரண்டு தீர்வுகள் ஏன் வருவதில்லை? இந்தக் கணக்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. முதல் ரசீதுக்கு 20, 5 ஒரு தீர்வு. 26, 3 இன்னொன்று. இரண்டுக்கும் நட்டநடுவே 23, 4. போட்டுப் பாருங்கள்: 46ம் 24ம் 70. அதுவும் தீர்வு! அதற்கும் 20, 5க்கும் நடுவே மற்றொன்று. இரண்டு கிடைத்துவிட்டால் இடையில் முடிவே கிடையாது.

கற்பூரத்தையும் சேர்த்து மூன்று பொருள், மூன்று ரசீது என்று வையுங்கள். முதல் இரண்டைக் கூட்டினால் மூன்றாவது வருகிறது என்றால், பார்வைக்கு மூன்றும் வெவ்வேறு, செய்தியோ இரண்டுதான். ரசீதுக்கு ஒரு வரியாக எண்களை அடுக்கினால் வரும் அட்டவணைதான் அணி. இந்தச் செய்தி எண்ணிக்கையையே அணியின் தரம் என்கிறோம். ஒரு வரியின் மடங்கை இன்னொன்றிலிருந்து கழித்துக்கொண்டே போனால் வெற்று வரிகள் பூச்சியமாகிவிடும். எஞ்சியவற்றை எண்ணினால் தரம். சீனக் கணக்கர்கள் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எண்ணும் குச்சிகளைப் பரப்பி இப்படிக் கழித்தார்கள்.

சரக்கு எண்களுக்கு மட்டும் ஒருமுறை, தொகைகளையும் சேர்த்து ஒருமுறை தரம் பாருங்கள். சேர்த்ததும் தரம் கூடினால் தீர்வு இல்லை. அந்த 100 ராண்ட் ரசீதில் கழித்துப் பார்த்தால், சரக்கே இல்லாமல் 5 ராண்ட் மட்டும் தனியே நிற்பது தெரியும். தரம் கூடாமல், அறியாத எண்களின் எண்ணிக்கைக்குச் சமமாக இருந்தால் ஒரே தீர்வு. குறைந்தால் எண்ணற்றவை; எத்தனை குறைகிறதோ அத்தனை விலைகளை நாமே வைத்துக்கொள்ளலாம். கற்பூரக் கணக்கில் பொருள் 3, தரம் 2. ஆகவே அங்கே நம் விருப்பத்துக்கு விடப்பட்ட விலை ஒன்றே ஒன்று.