பொட்டாசியம் ஏறினால் இதயம் ஏன் தடுமாறுகிறது?

ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 6.8 என்று வருகிறது. ஆளைக் கேட்டால், "கொஞ்சம் அசதியா இருக்கு, அவ்வளவுதான்" என்கிறார். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நடந்து வந்துதான் ரத்தம் கொடுத்திருக்கிறார். ஆனால் லேப்பிலிருந்து டாக்டருக்கு நேராக போன் போகிறது. அவரும் உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்கிறார். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய ஓர் உப்பு, இரண்டு மில்லிமோல் கூடியதற்கா இவ்வளவு பரபரப்பு? சோடியம் அதே அளவு கூடினால் யாரும் கண்டுகொள்வதில்லையே!

பொட்டாசியம் உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் இது புரியும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறக்குறைய 3,500 மில்லிமோல் பொட்டாசியம் உண்டு. அதில் நூற்றுக்கு 98 பங்கு செல்களுக்குள்ளே, பெரும்பாலும் தசைகளில் இருக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியிலும் செல்களைச் சுற்றியுள்ள நீரிலும் சேர்த்தே சுமார் 60 மில்லிமோல்தான். அதாவது செல்லுக்குள் லிட்டருக்கு 140க்கு மேல், வெளியே 4. இந்த ஏற்றத்தாழ்வு தானாக நிற்பதில்லை. ஒவ்வொரு செல்லின் சவ்விலும் உள்ள ஒரு பம்பு, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுத்தபடியே இருக்கிறது. டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ, நண்டின் கால் நரம்புகளை வைத்து ஆராய்ந்து 1957இல் இதைக் கண்டறிந்தார். 1997இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். காய்கறி, பழம் நிறைந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் 40 மில்லிமோல் பொட்டாசியம் சாதாரணமாக வந்துவிடும். அது அப்படியே செல்களுக்கு வெளியே உள்ள 14 லிட்டர் நீரில் தங்கினால், ஒரே சாப்பாட்டில் 4 என்பது 7 ஆகிவிடும்! அப்படி நடக்காததற்குக் காரணம் இன்சுலின். சர்க்கரையைக் கவனிக்கும் அதே இன்சுலின், சாப்பிட்டவுடன் அந்தப் பம்புகளையும் முடுக்கிவிட்டுப் பொட்டாசியத்தை செல்களுக்குள் அனுப்பிவைக்கிறது. அப்புறம் சிறுநீரகம் சில மணி நேரம் எடுத்துக்கொண்டு, சாப்பிட்டதில் ஏறக்குறைய 90 சதவீதத்தைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். மிச்சம் மலத்தில் போகும்.

சரி, ஏறினால் என்ன ஆகிறது? செல்லுக்கு உள்ளும் வெளியும் உள்ள பொட்டாசிய வித்தியாசம்தான் அதன் சவ்வில் மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஓய்வில் இருக்கும் இதயத் தசைச் செல்லில் அது சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட். வெளியே பொட்டாசியம் கூடக் கூட இந்த அழுத்தம் தளர்கிறது. முதலில் செல் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு வருகிறது. இன்னும் ஏறினால், மின்துடிப்பைத் தொடங்கிவைக்க வேண்டிய சோடியம் வாயில்கள் ஒவ்வொன்றாக முடங்குகின்றன. துடிப்பு இதயத்துக்குள் பரவுவது மந்தமாகிறது. இ.சி.ஜி. தாளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் பி, க்யூ.ஆர்.எஸ்., டி என்ற அலைகள் அதில் வரிசையாக விழும். டி அலை கூடாரம்போல உயர்ந்து கூர்மையாகும், பி அலை தேய்ந்து மறையும், நடுவிலுள்ள க்யூ.ஆர்.எஸ். அகன்றுகொண்டே போகும். கடைசியில் எல்லாம் கலந்து வெறும் நெளிகோடாகிவிட்டால் இதயம் நிற்பதற்கு அதிக நேரம் ஆகாது.

பாடப்புத்தகத்தில் இந்த வரிசை அழகாக இருக்கும். நோயாளிகளிடம் அப்படி ஒழுங்காக வருவதில்லை. 7க்கு மேல் போனவருக்கும் இ.சி.ஜி. சாதாரணமாக இருக்கலாம், சற்று நேரத்தில் தாளம் கெடலாம். அதனால் 'இ.சி.ஜி. நன்றாக இருக்கிறது' என்று நிம்மதியாக வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. எவ்வளவு ஏறியது என்பதைப்போலவே எவ்வளவு வேகமாக ஏறியது என்பதும் முக்கியம். நாள்பட்ட சிறுநீரக நோயாளிக்கு மெல்ல மெல்ல 6 ஆனதை உடம்பு ஓரளவு தாங்கும். நேற்று வரை 4 இருந்தவருக்கு இன்று 6 என்றால் கதையே வேறு. கை கால் தளர்ச்சி சிலருக்கு வரும், முற்றிய நிலையில் கால்கள் எழவே மறுக்கும். பலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது.

இதற்கு நேர்மாறாக, உடம்பில் பொட்டாசியம் சரியாகவே இருந்து, டியூபில் மட்டும் ஏறியிருப்பதும் உண்டு. சிவப்பணுக்களுக்குள்ளும் பொட்டாசியம் நிறைந்திருக்கிறது அல்லவா? மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ, டியூபைப் பலமாகக் குலுக்கினாலோ அவை உடைந்து பொட்டாசியம் வெளியே கொட்டும். கையைக் கட்டிவிட்டு, நரம்பு தெரிவதற்காக விரல்களை மூடித் திறக்கச் சொல்வார்களே, அந்தத் தசை இயக்கமே அளவை ஏற்றிவிடும். எடுத்த ரத்தம் பிரிக்கப்படாமல் பல மணி நேரம் கிடந்தாலும் பம்புகள் ஓய்ந்து பொட்டாசியம் கசியும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் மிக அதிகமாக உள்ளவர்களுக்கு, டியூபில் ரத்தம் உறையும்போதே அவற்றிலிருந்து பொட்டாசியம் வெளிப்படும்.

இன்னொன்றும் நடக்கும். அணுக்களை எண்ணுவதற்கான ஊதா மூடி டியூபில், ரத்தம் உறையாமலிருக்கப் பொட்டாசியம் சேர்ந்த இ.டி.டி.ஏ. உப்பைப் போட்டிருப்பார்கள். அதில் எடுத்த ரத்தத்தைத் தவறிப்போய் வேறு டியூபில் ஊற்றிவிட்டால் பொட்டாசியம் எகிறும். கால்சியம் அதே நேரத்தில் நம்ப முடியாத அளவுக்குக் கீழே போயிருக்கும், ஏனென்றால் இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் உடனே பிடித்துவிடுவார். சந்தேகம் வந்தால் கையை இறுகக் கட்டாமல் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ஆனால் இ.சி.ஜி.யில் மாற்றம் தெரிந்தால் மறுபரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது.

உண்மையாகவே ஏறியிருந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது சிறுநீரகத்தை. அது ஓரளவு நன்றாக வேலை செய்யும்வரை வெறும் சாப்பாட்டால் பொட்டாசியம் ஏறி நிற்பது அரிது. அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன்தான் 'பொட்டாசியத்தை வெளியேற்று' என்று சிறுநீரகத்துக்குச் சொல்வது. அந்தச் சுரப்பி பழுதாகும் அடிசன் நோயில் அது சுரப்பதில்லை. நீண்டகால நீரிழிவில் அது குறையலாம். இவற்றைவிட அதிகம் பார்ப்பது மாத்திரைகளால் வருவதை. ரத்த அழுத்தத்துக்குத் தரும் எனலாபிரில், ராமிபிரில், லோசார்டான், டெல்மிசார்டான் எல்லாம் ஆல்டோஸ்டிரோனைக் குறைப்பவை. ஸ்பைரோனோலாக்டோன் அதன் வேலையை நேரடியாகவே தடுக்கிறது. வலிக்கு வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் டிரைமெதோபிரிம் சேர்ந்த ஆன்டிபயாடிக் ஆகியவையும் பொட்டாசியத்தை ஏற்றும். ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வயதானவர், சிறுநீரகம் சற்றுப் பலவீனம், இதில் இரண்டு மூன்று சேர்ந்தால்தான் ஆபத்து.

இதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. தீவிர இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோன் இறப்பை 30 சதவீதம் குறைக்கிறது என்ற ஆய்வு 1999இல் வெளியானது. டாக்டர்கள் அதை நிறைய எழுதத் தொடங்கினார்கள். கனடாவின் ஒன்டாரியோவில், இதயச் செயலிழப்பு வந்து ஏற்கெனவே எனலாபிரில் வகை மருந்து சாப்பிடும் முதியவர்களைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001இல் 11 பேர். மருந்து நல்ல மருந்துதான். ஆய்வில் பங்கேற்றவர்களுக்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், வெளியே அப்படிப் பார்க்கவில்லை.

செல்களுக்குள் இருப்பது வெளியே வருவது இன்னொரு வழி. நீரிழிவு முற்றிக் கீட்டோ அமிலம் சேர்ந்தவருக்கு, சிறுநீரில் இழந்து இழந்து உடம்பின் மொத்தப் பொட்டாசியம் குறைந்திருக்கும். ஆனாலும் இன்சுலின் இல்லாததால் அது செல்லைவிட்டு வெளியேறி, ரத்தத்தில் அதிகமாகக் காட்டும். இன்சுலின் ஏற்றத் தொடங்கியதும் மளமளவென்று இறங்கும் என்பதால், அப்போது பொட்டாசியத்தைக் கூடவே ஏற்ற வேண்டியும் வரும். தசை நசுங்கினாலும் இப்படித்தான். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, இடிபாடுகளில் மணிக்கணக்கில் சிக்கி மீட்கப்பட்டவர்கள் பின்னர் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் 1941இல் பதிவுசெய்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டுகிறது. அதே தசையிலிருந்து வரும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடுகிறது.

சிகிச்சைக்கு வருவோம். இ.சி.ஜி. மாறியிருந்தால் முதலில் போடும் ஊசி கால்சியம் குளுக்கோனேட். அது பொட்டாசியத்தைத் துளிகூடக் குறைக்காது. பின் எதற்கு? இதன் வேர் 1880களில் இருக்கிறது. லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை உப்புநீரில் வைத்துத் துடிக்கவைத்துக்கொண்டிருந்தார். காய்ச்சி வடித்த நீருக்குப் பதில் குழாய் நீரில் உப்புநீர் தயாரிக்கப்பட்டிருந்தது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. வடித்த நீரில் செய்தபோது துடிப்பு நிலைக்கவில்லை. குழாய் நீரிலிருந்த கால்சியம்தான் அதைக் காப்பாற்றியிருக்கிறது. கால்சியமும் பொட்டாசியமும் இதயத்தில் எதிரெதிராக வேலை செய்வதை அவர் 1883இல் எழுதினார். இன்றும் அந்த ஊசி அதைத்தான் செய்கிறது, இதயச் செல்லின் சவ்வை நிலைப்படுத்துகிறது. சில நிமிடங்களில் வேலை தெரியும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் நிற்கும்.

அந்த அவகாசத்தில் பொட்டாசியத்தை செல்லுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். வழக்கமாக 10 யூனிட் இன்சுலினும், சர்க்கரை இறங்கிவிடாமலிருக்க 25 கிராம் குளுக்கோஸும் ரத்த நாளத்தில் தருவார்கள். அரை மணிக்குள் இறங்கத் தொடங்கி, லிட்டருக்கு ஒரு மில்லிமோல் அளவுக்குக் குறையும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இன்சுலினை உடலிலிருந்து நீக்குவதில் சிறுநீரகத்துக்கும் பங்கிருப்பதால், சிறுநீரக நோயாளியிடம் குளுக்கோஸ் தீர்ந்த பிறகும் இன்சுலின் தங்கியிருக்கும். ஆறு மணி நேரம் வரை சர்க்கரையைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருப்பது அதற்காகத்தான். ஆஸ்துமாவுக்கு நெபுலைசரில் தரும் சால்பியூட்டமாலும் அதே பம்பை முடுக்கும், ஆனால் ஆஸ்துமா அளவைவிட நான்கு முதல் எட்டு மடங்கு தேவை. சோடியம் பைகார்பனேட், ரத்தத்தில் அமிலம் கூடியவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மில்லிமோல்கூட உடம்பைவிட்டு வெளியேறவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. நான்கைந்து மணி நேரத்தில் திரும்பி வந்துவிடும். சிறுநீர் போகிறவர்களுக்கு அதைப் பெருக்கும் ஃபியூரோசமைடு மருந்து, குடலில் பொட்டாசியத்தைப் பிடித்து மலத்தோடு கொண்டுபோகும் தூள்கள், சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு டயாலிசிஸ் என்று வெளியேற்றும் வழியைக் கூடவே தொடங்க வேண்டும். டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரத்தில் அளவு மறுபடி சற்று ஏறுவதும், செல்களுக்குள்ளிருந்து வெளியே வருவதால்தான்.

தூள்களில் பழைய பாலிஸ்டைரீன் சல்போனேட்டோடு, அமெரிக்காவில் 2015இல் பாட்டிரோமரும் 2018இல் சோடியம் சிர்கோனியம் சைக்ளோசிலிகேட்டும் அனுமதி பெற்றன. இவை வந்ததில் பெரிய லாபம், இதயத்தையும் சிறுநீரகத்தையும் காக்கும் ராமிபிரில் போன்ற மாத்திரைகளை உடனே நிறுத்தாமல் தொடர முடிவது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை சிலதான். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு அது நல்லது, சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து. காய்களை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் பொட்டாசியம் கணிசமாகக் குறையும். மலச்சிக்கலை விட்டுவைக்கக் கூடாது, சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் குடல் வழியாகப் போகும் பங்கு கூடுதல். மேலே சொன்ன மாத்திரைகளைச் சாப்பிடுபவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து நீர் வற்றினால், அந்த நாட்களில் எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரை புதிதாகத் தொடங்கினாலும் அளவைக் கூட்டினாலும், ஓரிரு வாரத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்துவிட வேண்டும்.