மரத்துக்கு முன்னால் நிற்பதற்கு முன், உத்தரவைப் படியுங்கள்

மரவெட்டுக்கு எதிரான மறியலில் கைதானவர்கள் வழக்கறிஞரான என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்ததும், முதலில் பேசுவது காட்டைப் பற்றித்தான். பல நூறு ஆண்டு வயதுள்ள மரங்கள், அரித்துப்போகும் சரிவுகள், கலங்கிப்போன ஓடைகள். அவர்கள் சொல்வது உண்மை என்றே நானும் நம்புகிறேன். ஆனால், "நீதிபதியிடம் இதையெல்லாம் எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் அல்லவா?" என்று கேட்கும்போது மனம் கனத்துவிடுகிறது. அந்த வழக்கு பெரும்பாலும் காட்டைப் பற்றியதாக இருப்பதில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நடப்பது இதுதான். சாலையை மறித்ததும் மரம் வெட்டும் நிறுவனம் உரிமையியல் வழக்குத் தொடுத்து, மறிக்கக்கூடாது என்று நீதிமன்றத்தில் தடையாணை பெறுகிறது. அதில் உங்கள் பெயர் இருக்க வேண்டியதில்லை. ஆணையை அறிந்த எவரையும் அது கட்டுப்படுத்தும் என்பதை 1996-ல் கனடா உச்ச நீதிமன்றமே உறுதிசெய்துவிட்டது. அதன்பின் சாலையில் உட்கார்ந்தால், நீங்கள் மீறுவது நிறுவனத்தின் சொல்லை அல்ல, நீதிமன்றத்தின் ஆணையை. அதைப் பகிரங்கமாக மீறினால் அது குற்றவியல் நீதிமன்ற அவமதிப்பு. இதற்குச் சட்டத்தில் உச்சத் தண்டனை வரையறுக்கப்படவில்லை. ஆணையே தவறு என்று நினைத்தால் மேல்முறையீட்டுக்குப் போக வேண்டும். மீறிவிட்டு அந்த வாதத்தை வைத்தால் எடுபடாது.

1993-ல் இதே மாகாணத்தின் வான்கூவர் தீவில், கிளேயோக்வாட் சவுண்ட் காட்டுப் பகுதியில் நடந்த மறியலில் 800-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். கூட்டம் கூட்டமாக விசாரணை நடந்தது. முதலில் தண்டிக்கப்பட்டவர்களில் பலருக்கு 45 நாள் சிறையும் அபராதமும் விழுந்தன. அதுவரை காவல் நிலையத்தையே எட்டிப் பார்க்காதவர்கள் அவர்களில் ஏராளம்.

அதே தீவில் ஃபேரி க்ரீக் பகுதியில் 2021-ல் தொடங்கிய கைதுகள் 1,100-ஐத் தாண்டின. அந்தச் செப்டம்பரில் நீதிபதி ஒருவர், காவல்துறை நடந்துகொண்ட விதம் நீதிமன்றத்தின் நற்பெயருக்கே இழுக்கு என்று கூறித் தடையாணையை நீட்டிக்க மறுத்தார். 2022 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றிவிட்டது. இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து "ஆணை ரத்தாகிவிட்டதாம்" என்று யாரோ சொன்னதை நம்பிப் போகாதீர்கள். இன்று என்ன நிலை என்பதை அன்றே கேளுங்கள்.

நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புவது இனிமேல்தான். அவமதிப்பை நிரூபிக்க, ஆணை உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டும். அல்லது தெரிந்துகொள்ள வேண்டாம் என்றே கண்ணை மூடிக்கொண்டீர்கள் என்று காட்ட வேண்டும். காவலர்கள் முழு ஆணையை வாசிக்காமல் சுருக்கமான சில வரிகளை மட்டும் வாசித்தார்கள் என்பதால், 2023-ல் ஃபேரி க்ரீக் வழக்கொன்றில் குற்றம் சாட்டப்பட்டவர் விடுவிக்கப்பட்டார். அதன்பின் வேறு சிலர் மீதான வழக்குகளையும் அரசுத் தரப்பு கைவிட்டது. அதனால் கைதானவரிடம் நான் முதலில் கேட்பது இவற்றைத்தான்: யார் வாசித்தார்? எதை வாசித்தார்? இயந்திர இரைச்சலில் உங்கள் காதில் விழுந்ததா? கையில் தாள் கொடுத்தார்களா? எந்த இடத்தில், எத்தனை மணிக்கு? ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பலருக்கு எதுவும் நினைவில்லை. அன்றிரவே எழுதி வையுங்கள். ஆனால், ஒருமுறை கைதான பிறகு, அடுத்த முறை "எனக்குத் தெரியாது" என்ற வாதம் உங்களிடம் இருக்காது.

அது யாருடைய நிலம் என்பதையும் கேளுங்கள். ஃபேரி க்ரீக்கில், பாச்சீடாட் பழங்குடியின் தலைமை போராட்டக்காரர்களை வெளியேறும்படி கேட்டுக்கொண்டது. அதே மக்களில் சிலர் போராட்டத்துக்குத் துணை நின்றார்கள். வெளியிலிருந்து போகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

குடியுரிமை பெறாதவர்கள், குடிவரவு வழக்கறிஞரிடம் பேசாமல் கைதாகும் முடிவை எடுக்க வேண்டாம். விடுவிக்கும்போது நீட்டப்படும் தாளில், அந்த இடத்துக்குத் திரும்பி வரக்கூடாது என்ற நிபந்தனை இருக்கக்கூடும். களைப்பிலும் குளிரிலும் இருந்தாலும் ஒவ்வொரு வரியையும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். அந்த நிபந்தனையை மீறினால் அது தனி வழக்கு.