நட்சுகஷீ என்றால் கழிவிரக்கமா?

முதல் காதலை நினைத்துப் பார்க்கும் மாங்காக்களில், அதாவது ஜப்பானியப் படக்கதைகளில், பழகிப்போன காட்சி இது. வீடு மாற்றப் பெட்டி கட்டும் பெண்ணின் கையில் ஒரு பழைய தகர டப்பா அகப்படுகிறது. உள்ளே ஒரு பித்தளைப் பொத்தான். பள்ளி முடிந்த நாளில் அவன் தன் சீருடையிலிருந்து பிய்த்துக் கொடுத்த இரண்டாவது பொத்தான். நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பது என்று அதைத்தான் அங்கே பெண்கள் கேட்டு வாங்குவார்கள். அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள், முகம் மலர்கிறது, "நட்சுகஷீ" என்கிறாள். பழையது ஒன்று இனிமையாக நினைவுக்கு வரும்போது ஜப்பானியர் சொல்லும் சொல் அது. தமிழ் மொழிபெயர்ப்பிலோ "கழிவிரக்கமாக இருக்கிறது" என்கிறாள்! மூன்றாவது முறையாக இதைப் படித்துவிட்டேன்.

நட்சுகு என்பது வினை. நாய்க்குட்டி நம்மிடம் ஒட்டிக்கொள்வதற்கு ஜப்பானியர் இன்றும் சொல்வது அதைத்தான். அதிலிருந்து வந்த நட்சுகஷீ, முதலில் 'விட்டு விலக மனம் வராத' என்றே பொருள்பட்டது. 8ஆம் நூற்றாண்டுக் கவிதைத் தொகுப்பான மன்யோஷூவில், பூப்பறிக்க வந்த கவிஞர் அகஹிதோ அந்த வெளியைப் பிரிய மனமில்லாமல் ஓர் இரவு அங்கேயே தங்கிவிட்டதாகப் பாடுகிறார். பழைய நினைவு என்ற பொருள் பிறகு ஏறியது.

சரி, கழிவிரக்கத்துக்கு வருவோம். கழிந்ததற்கு இரங்குவது கழிவிரக்கம். செய்த தவறுக்கோ, செய்யாமல் விட்டதற்கோ மனம் வருந்த வேண்டும். பொத்தானை வாங்கியதில் என்ன தவறு? எதற்காக அவள் வருந்த வேண்டும்? போதாக்குறைக்கு, தன்னைத் தானே நொந்துகொள்ளும் தன்னிரக்கத்துக்கும் இதே சொல்லைப் போடுகிறார்கள். ஒரு நல்ல சொல்லை இப்படி எல்லா இடத்திலும் போட்டுத் தேய்த்தால், உண்மையிலேயே தேவைப்படும்போது அது எதையும் சொல்லாது.

'ஏக்கம்' என்று எழுதுபவர்கள் கொஞ்சம் பக்கத்தில் வருகிறார்கள். ஆனால் ஏங்குபவருக்கு அது வேண்டும், கிடைக்கவில்லை. பொத்தானைப் பார்ப்பவள் அவன் திரும்பி வர வேண்டும் என்று கேட்கவில்லை. அவளுக்கு அந்த நாள் ஒரு நொடி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

கோளாறு எங்கே என்றால், ஜப்பானியச் சொல்லை ஆங்கில நாஸ்டால்ஜியா வழியாகத் தமிழுக்குக் கொண்டுவருவதில். அது 1688இல் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊர் நினைவில் வாடுபவர்களின் நோய்க்காக இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி உண்டாக்கிய பெயர். வீடு திரும்புதல் ஒன்று, வலி மற்றொன்று. நட்சுகஷீயில் அந்த வலி கட்டாயமில்லை. கதையில் கசப்பு வேண்டிய இடத்துக்கு அவர்களிடம் செட்சுனை என்று வேறு சொல் இருக்கிறது. நெஞ்சைப் பிசைகிறது என்போமே, அது. இரண்டையும் ஒரே சொல்லால் மெழுகிவிட்டால், அவள் எந்தப் பக்கத்தில் மலர்ந்தாள், எந்தப் பக்கத்தில் உடைந்தாள் என்று தமிழ் வாசகருக்குத் தெரியவே தெரியாது.

பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் 'நினைவினிமை' என்பேன். பேச்சுக் குமிழிக்குள் அதுவும் வேண்டாம். பழைய பொருள் கையில் கிடைத்தால் நம் வீட்டில் என்ன சொல்வார்களோ அதையே அவளும் சொல்லட்டும்: "அட, இதைப் பார்த்து எத்தனை நாளாச்சு!"