சுவர் ஓதமும் பிள்ளையின் இளைப்பும்

ஐப்பசியில் மழை பிடித்தால் மார்கழி வரை சென்னையில் குழந்தை மருத்துவர்களுக்கு ஓய்வு கிடையாது. வருகிற இருமலில் பெரும்பங்கு வைரஸ் சளிதான். தானே வரும், தானே போகும். தை பிறந்த பிறகும் இருமல் விடாத பிள்ளைகள் சிலர் உண்டு. பகலில் ஓடியாடுவான், படுத்ததும் இருமுவான், விடியற்காலையில் இளைக்கும். பாட்டி வீட்டுக்குப் போனால் மருந்தே வேண்டியிருக்காது. இப்படி யாராவது சொன்னால், நான் வீட்டைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுவேன். பிள்ளை எங்கே படுக்கிறான்? அந்தச் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது?

பல வீடுகளில் அங்கே குளியலறை இருக்கும். ஒரு தாயிடம் பீரோவை நகர்த்திப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. அதற்கு மேலே மிளகுப்பொடி தூவியதுபோல் கருப்புப் புள்ளிகள். அந்தச் சுவரை ஒட்டித்தான் கட்டில். ஆஸ்துமா உள்ள மூத்தவன் கீழே விழுந்துவிடக் கூடாதே என்று அவனைத்தான் சுவரோரம் படுக்க வைத்திருந்தார்கள். மெத்தையைப் புரட்டினால் அடியிலும் பூசணம்.

பூசணம் காற்றில் விடும் நுண்வித்துகள் பலவும் 2 முதல் 10 மைக்ரான் அளவே இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அவை பட்டதும் மூச்சுக்குழாய் வீங்கி, சளி கோத்து, சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. பெரியவர் தாங்கிக்கொள்ளும் அதே வீக்கம், குழந்தையின் சிறிய குழாயைப் பாதி அடைத்துவிடும். பூசணம் உள்ள வீட்டில் வளரும் எல்லாப் பிள்ளைக்கும் ஆஸ்துமா வரும் என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கிற ஆஸ்துமாவை அது அடங்க விடாது.

என்ன வகைப் பூஞ்சை என்று லேபில் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், செலவுதான் மிச்சம். கண்ணுக்குத் தெரிந்தாலோ மக்கல் வாடை அடித்தாலோ போதும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பூஞ்சைக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று எந்த அளவையும் வகுக்கவில்லை. ஈரத்தையே தடுக்கச் சொல்கிறது.

எனக்குக் கோபம் வருவது பெயிண்ட் விஷயத்தில். பொங்கல் வந்ததும் பூசணத்தின் மேலேயே ஒரு கோட் அடித்து மறைத்துவிடுகிறோம். அடுத்த மழைக்குப் பெயிண்டோடு சேர்ந்து உரிகிறது. இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. குடியிருப்பில் நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அதன் தந்தை முதன்முதலில் புகார் செய்தபோது கிடைத்த பதிலும் மேலே பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான். அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே சட்டம் வந்துவிட்டது.

முதலில் கசிகிற குழாயையோ மாடித் தளத்தையோ சரிசெய்யுங்கள். ஊறிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே மறுபூச்சு. டைல்ஸில் உள்ளதைச் சோப்பு நீரில் தேய்த்தால் போகும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் ஒருபோதும் கலக்காதீர்கள். எழும்புவது குளோரின் வாயு. சுத்தம் செய்யும்போது பிள்ளை அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம். வாடை போகட்டும் என்று சாம்பிராணி போடுவது இளைக்கிற பிள்ளைக்கு இன்னொரு தொல்லை.

வீட்டைச் சரிசெய்தாயிற்று என்று இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு அடியில் குழி விழுந்தால், பேசவோ பால் குடிக்கவோ முடியாமல் திணறினால், உதடு நீலம் பாரித்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வாடகை வீடென்றால் சுவரை உடைக்க உரிமையாளர் சம்மதிப்பதற்குள் அடுத்த மழையே வந்துவிடும். அதுவரை பிள்ளையின் படுக்கையை ஓதமில்லாத அறைக்கு மாற்றுங்கள், அது கூடமாக இருந்தாலும் சரி. பூசணம் ஏறிய மெத்தையை வெயிலில் போட்டு மறுபடி விரிக்காமல் தூக்கி எறியுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரத்துணியை அந்த அறைக் கொடியில் காயப்போடாதீர்கள்.