ம்வாலிமு: ஒரு பிரதமருக்கு நிலைத்துவிட்ட பெயர்

‘ம்வாலிமு’ என்பது சுவாஹிலிச் சொல். ஆசிரியர் என்று பொருள், அவ்வளவுதான். கென்யாவிலும் டான்சானியாவிலும் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குப் பாடம் எடுப்பவரை இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் டான்சானியாவில் அரசியல் பேச்சுக்கு நடுவே, பெயர் எதுவும் சேர்க்காமல் ஒருவர் ‘ம்வாலிமு’ என்றால் அது ஜூலியஸ் நைரேரேதான். டாங்கனிக்காவின் (இன்றைய டான்சானியாவின் பெருநிலப் பகுதி) முதல் பிரதமர், பிறகு டான்சானியாவின் முதல் அதிபர். ‘ம்வாலிமு ஜூலியஸ் நைரேரே’ என்று படிக்கும்போது முதல் சொல்லை அவருடைய இயற்பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. பெற்றோர் வைத்த பெயர் கம்பராகே. ஞானஸ்நானப் பெயர் ஜூலியஸ்.

சொல்லின் வேர் அரபியில் இருக்கிறது. அங்கே ‘முஅல்லிம்’ என்றால் கற்பிப்பவர். அறிவைக் குறிக்கும் ‘இல்ம்’ என்ற சொல்லோடு சேர்ந்த குடும்பம் இது. தமிழ் முஸ்லிம்கள் அன்றாடம் சொல்லும் ஆலிம், உலமா இரண்டும் இதே வேரில் பிறந்தவை. லாமு, மொம்பாசா, சான்சிபார், கில்வா என்று நீளும் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரைக்கு வணிகத்தோடும் இஸ்லாத்தோடும் இந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. குர்ஆன் ஓதக் கற்றுக்கொடுத்தவர் அங்கே ம்வாலிமு ஆனார்.

போன இடத்தில் சொல் அப்படியே இருந்துவிடவில்லை. சுவாஹிலியில் மனிதரைக் குறிக்கும் சொற்கள் பல, ஒருமையில் ‘ம்’ என்றும் பன்மையில் ‘வா’ என்றும் தொடங்கும். ம்ட்டோட்டோ என்றால் குழந்தை, வாட்டோட்டோ என்றால் குழந்தைகள். முஅல்லிமின் தொடக்கத்தில் இருந்த ‘மு’வும் அந்த முன்னொட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டு, பன்மைக்கு ‘வாலிமு’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். ஆசிரியப் பணிக்கு ‘உவாலிமு’, கல்விக்கு ‘எலிமு’. கடன் வாங்கிய சொல் என்று சொன்னால்தான் தெரியும் என்கிற அளவுக்கு மொழியில் கரைந்துவிட்டது.

இந்தச் சொல்லுக்குத் தமிழிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு: மாலுமி. அரபுக் கப்பல்களில் வழி காட்டுபவரையும் முஅல்லிம் என்றார்கள். விண்மீனும் காற்றும் நீரோட்டமும் படித்தவர் அல்லவா! அந்தப் பொருளோடு நம் துறைமுகங்களுக்கு வந்த சொல்தான் மாலுமி ஆனது. 1498-இல் வாஸ்கோ ட காமாவை மாலிந்தியிலிருந்து கோழிக்கோட்டுக்கு அழைத்து வந்த வழிகாட்டியைப் போர்த்துக்கீசியர் ‘மலேமோ’ என்று குறித்தது இதே சொல்லைத்தான். ஒரே கடலின் இந்தக் கரையில் மாலுமி, அந்தக் கரையில் ம்வாலிமு.

சரி, நைரேரேவுக்கு இது எப்படி ஒட்டிக்கொண்டது? காரணம் எளிது. அது அவர் செய்த வேலை. 1922-இல் விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமா என்ற ஊரில், சனாக்கி என்னும் சிறிய இனத்தின் தலைவருக்கு மகனாகப் பிறந்தார். பள்ளியில் சேர்ந்ததே 12 வயதில்தான். அப்புறம் நிற்கவில்லை. உகாண்டாவின் மக்கெரேரேயில் ஆசிரியப் பயிற்சி, தபோராவில் ஆசிரியர் வேலை, 1952-இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பட்டம். திரும்பி வந்து, தார் எஸ் சலாமுக்கு அருகில் உள்ள பூகுவில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் பாடம் நடத்தினார். அங்கே வேலை பார்த்துக்கொண்டேதான் 1954 ஜூலை 7 அன்று, விடுதலைக்காகப் போராடிய டானு (டாங்கனிக்கா ஆப்பிரிக்க தேசிய ஒன்றியம்) கட்சியைத் தொடங்கினார். ஏழாம் மாதம் ஏழாம் தேதி என்பதால் அந்த நாளை ‘சபா சபா’, அதாவது ஏழு ஏழு என்கிறார்கள். இன்றும் அது விடுமுறை. 1955-இல் ஐ.நா. அறங்காவல் மன்றத்தின் முன் டாங்கனிக்காவுக்காகப் பேசிவிட்டுத் திரும்பியவர், வகுப்பறையா அரசியலா என்று தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது. வேலையை விட்டார். பெயர் மட்டும் கூடவே வந்தது.

1960-இல் முதலமைச்சர், 1961 மே மாதம் பிரதமர், அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை. அதற்குப் பிறகு நடந்ததைப் பலர் கவனிப்பதில்லை. விடுதலை கிடைத்து ஆறு வாரங்களில், 1962 ஜனவரி 22 அன்று, அவர் பிரதமர் பதவியிலிருந்து விலகினார். யாரும் கவிழ்க்கவில்லை. பொறுப்பைக் கட்சித் தோழர் ரஷீதி கவாவாவிடம் கொடுத்துவிட்டு, கட்சியைச் சீரமைக்க ஊர் ஊராகப் போனார். கொடி ஏறியாயிற்று, இனி வேலை என்ன என்பதை மக்களிடம் போய்ப் பேசியாக வேண்டும் என்பது அவர் கணக்கு. புதிதாக விடுதலை பெற்ற நாடொன்றில் இதைச் செய்யத் துணிந்த தலைவர் எனக்குத் தெரிந்து வேறு ஒருவர் இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் நாடு குடியரசானபோது அதிபராகத் திரும்பினார். 1964-இல் சான்சிபார் இணைந்து டான்சானியா பிறந்தது.

ஆட்சியிலும் அவர் ஆசிரியராகவே இருந்தார். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் இரண்டைச் சுவாஹிலியில் மொழிபெயர்த்தார். தொடக்கப் பள்ளியில் சுவாஹிலியே பாடமொழி ஆனது. 1970-ஐ வயதுவந்தோர் கல்வி ஆண்டு என்று அறிவித்தார். பிரம்பு எடுக்கும் ஆசிரியரும் அவருக்குள் இருந்தார். 1966 அக்டோபரில் பல்கலைக்கழக மாணவர்கள், படிப்பு முடிந்ததும் கட்டாய தேசிய சேவை செய்ய வேண்டும், அதில் பெரும்பகுதிக்கு 40 சதவீதச் சம்பளம்தான் என்ற திட்டத்தை எதிர்த்து அவர் மாளிகைக்கே ஊர்வலம் போனார்கள். காலனி ஆட்சியே தேவலாம் என்று எழுதிய அட்டையும் அதில் இருந்தது. நைரேரே கொதித்துப் போனார். ஏறத்தாழ 400 மாணவர்களை வீட்டுக்கு அனுப்பினார். சலுகை என்று பார்த்தால் நாங்களும் குற்றவாளிகளே என்று சொல்லி, தன் சம்பளத்தையும் 20 சதவீதம் குறைத்துக்கொண்டார். மறு ஆண்டு பிப்ரவரியில் வந்த, சோசலிசமே நாட்டின் பாதை என்று அறிவித்த அருஷா பிரகடனத்தில், தலைவர்கள் வீடுகளை வாடகைக்கு விடக் கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக் கூடாது என்ற விதிகள் இடம்பெற்றன.

ஆசிரியர் சொன்னால் வகுப்பு கேட்டே ஆக வேண்டும் என்ற எண்ணத்துக்கு நாடு விலையும் கொடுத்தது. சிதறி வாழ்ந்தவர்களை ஒரே இடத்தில் சேர்க்கும் கூட்டுக் கிராமங்களுக்கு மக்கள் விரும்பி வரட்டும் என்றவர், 1973-இல் அதைக் கட்டளையாக்கினார். லட்சக்கணக்கான குடும்பங்கள் சொந்த நிலத்தை விட்டு நகர்த்தப்பட்டன. திரும்பிப் போகாமல் இருக்க வீடுகளைக் கொளுத்தியதும் உண்டு. விளைச்சல் சரிந்தது. அவர் நேர்மையானவர் என்பதற்காக இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதக் கூடாது. 1985-இல் தாமாகவே அதிபர் பதவியை விட்டு புட்டியாமாவுக்குப் போய் விவசாயம் பார்த்தார். 1999 அக்டோபர் 14 அன்று லண்டனில் இறந்தார்.

இனி, தமிழில் என்ன சொல்வது? ‘ஆசிரியர்’ பொருளுக்குச் சரி, ஆனால் நேரில் கூப்பிட உதவாது. ‘ஆசான்’ கம்பீரமானது, ஆனால் பள்ளிக்கூட வாடை இல்லை. பழைய சொல்லான ‘கணக்காயர்’ இன்று விளக்கம் சொல்லாமல் புரியாது. மாலுமி உறவுக்காரச் சொல்தான், ஆனாலும் கடலை விட்டு வராது. எனக்குப் பொருத்தமாகப் படுவது ‘வாத்தியார்’. உபாத்தியாயர் தேய்ந்து வந்த வடிவம் என்பதால் தனித்தமிழ் அன்பர்கள் தயங்கலாம். ம்வாலிமுவும் அப்படிக் கடல் தாண்டி வந்து தேய்ந்த சொல்தான். பெயர் சேர்க்காமல் கூப்பிடலாம், மரியாதையும் பாசமும் சேர்ந்தே இருக்கும், ஒரு தலைவரையும் குறிக்கும். எம்.ஜி.ஆர். ரசிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுதும்போது முதல் இடத்தில் ‘ம்வாலிமு (வாத்தியார்) நைரேரே’ என்று குறித்துவிட்டு, பிறகு ம்வாலிமு என்றே எழுதிப் போகலாம். ‘தேசத்தந்தை’ என்று மொழிபெயர்க்க வேண்டாம். அதற்கு ‘பாபா வா தைஃபா’ என்று சுவாஹிலியில் வேறு பட்டம் இருக்கிறது, அதுவும் அவருக்கு உரியதுதான்.